கனமான ஸ்குவாட்டில் பின்னால் நிற்பவருக்கு: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

காட்பாடி, குடியாத்தம், சித்தூர் சாலையை ஒட்டிய ஊர்கள் என எங்கள் பக்கத்து ஜிம்களில் ஸ்குவாட், அதாவது எடை மாட்டிய நீள இரும்புக் கம்பியை (பார்) மேல்முதுகில் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி, சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். பாரைச் சுமப்பவருக்குப் பின்னால் எப்படி நிற்பது என்று சொல்லித்தருபவர்கள் மிகக் குறைவு. "அண்ணா, கொஞ்சம் சப்போர்ட் குடுங்க" என்று கேட்டதும், பக்கத்தில் இருப்பவர் காதில் ஓடும் பாட்டைக்கூட நிறுத்தாமல் வந்து நின்றுவிடுகிறார். முதுகில் 140 கிலோ இருக்கும் ஒருவரின் கழுத்தும் தண்டுவடமும் அடுத்த சில நொடிகளுக்கு இப்படி வந்து நின்றவரின் பொறுப்பில் இருக்கின்றன. நீண்ட காலம் பின்னால் நின்றும், நிற்பவர்களைத் திருத்தியும் வந்ததில், அதே சில பிழைகள்தான் ஆள் மாறி ஆள் வந்துகொண்டிருக்கின்றன என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே அவற்றை அறிகுறியின்படி பிரித்து, எளிய காரணத்திலிருந்து செலவு பிடிக்கும் காரணம் வரை எழுதியிருக்கிறேன்.

ஒருவர் ஐந்து முறைக்கு மேல் உட்கார்ந்து எழ முடியாத எடையையே இங்கே கனமான எடை என்கிறேன். அதற்குக் குறைந்த எடைக்கு, எழ முடியாதபோது பாரைத் தாங்கிக்கொள்ள, ரேக்கில் (பாரை வைக்கும் இரும்புச் சட்டம்) சரியான உயரத்தில் பொருத்திய சேஃப்டி கம்பிகள் போதும். ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை.

## பாரைத் தொடுவதற்கு முன்

கீழே வரும் எந்த வழிமுறையும் இந்தப் பகுதியை முடிக்காதவருக்குப் பயன்படாது.

முதல் வேலை சேஃப்டி கம்பி. தூக்குபவரை வெறும் பாருடன் முழு ஆழத்துக்கு உட்காரச் சொல்லி, பாருக்கும் கம்பிக்கும் இடையே இரண்டு விரல் அகலம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இடைவெளியே இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பார் கம்பியில் இடித்து அவரைத் தடுமாற வைக்கும். இடைவெளி மிகுந்தால், எழ முடியாமல் போனவர் பார் கம்பியைத் தொடுவதற்கு முன்பே மடங்கி நசுங்குவார். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்த பல ரேக்குகளில் துளைகள் தள்ளித் தள்ளி இருப்பதால், ஒரு துளை அதிக உயரமாகவும் அடுத்தது அதிகத் தாழ்வாகவும் அமைந்துவிடும். அப்படியானால் மேல் துளையிலேயே கம்பியைச் செருகிவிட்டு, நிற்கும் இடம் முழுவதையும் கெட்டியான பிளைவுட் பலகை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனித் துண்டுகள் போடக் கூடாது. பலகை துணை நிற்பவரின் காலுக்கும் எட்டும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பாரில் மாட்டிய எடைத் தட்டுகள் (பிளேட்) நழுவாமல் பிடிக்கும் கிளிப். இரு முனையிலும் கிளிப் மாட்டாமல் ஸ்குவாட் இல்லை. பார் சாய்ந்து ஒரு பக்கத்துப் பிளேட் நழுவினால், மறுபக்கத்து எடை பாரைச் சுழற்றி வீசிவிடும். அதைப் பிடிக்க யாராலும் முடியாது.

மூன்றாவது, பேச்சு. எத்தனை முறை எழப்போகிறார், எப்போது பிடிக்க வேண்டும், எந்தச் சொல்லைக் கேட்டால் பிடிக்க வேண்டும் என்பதை வாய்விட்டுப் பேசி முடியுங்கள். "தம்பி, மூணு ரெப். நான் 'பிடி'ன்னு சொன்னா மட்டும் பிடி. எழும்போது திரும்பக் கீழ இறங்க ஆரம்பிச்சா சொல்லாமலேயே பிடி" என்ற அளவு போதும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். நெருக்கடியில் அவர்கள் வாயில் "பட்டு" என்றுதான் வரும். அதையும் பிடிக்கச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

நான்காவது, பாரைப் பின்னால் விடும் பழக்கம். சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். அந்தப் பளுதூக்கும் மரபில் இன்றும் வேலூர் சுற்றுவட்டாரத்தில் பலர் பயிற்சி பெறுகிறார்கள். அந்த விளையாட்டில் துணை நிற்பவர் கிடையாது. தூக்க முடியாவிட்டால் ரப்பர் பிளேட் மாட்டிய பாரை விட்டுவிட்டு விலகிவிட வேண்டும் என்பதே அவர்கள் கற்ற பாடம். அப்படிப் பழகியவர் முதுகிலிருந்து பாரைப் பின்னால் தள்ளும்போது நீங்கள் பின்னால் நின்றால், அது உங்கள் முழங்கால் மீது விழும். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: ஆள் நின்றால் பாரை விடக் கூடாது, பாரை விடுவதாக இருந்தால் பின்னால் ஆள் நிற்கக் கூடாது.

எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்கு நான் கடைப்பிடிக்கும் அளவு இது: பாரின் எடை, பின்னால் நிற்பவர் தானே ஸ்குவாட் செய்யும் எடையைத் தாண்டினால் மூன்று பேர், அதாவது பின்னால் ஒருவரும் இரு முனையிலும் ஒவ்வொருவரும். ஸ்குவாட்டையும் போட்டியாக நடத்தும் சர்வதேசப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி, போட்டி மேடையில் துணை நிற்பவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல், ஐந்து பேருக்கு மிகாமல் இருக்க வேண்டும். வலிமை மிக்கவர்கள் கூடும் இடத்திலேயே ஒருவரை நம்பி எடையை ஏற்றுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

தூக்குபவர் பெண்ணாக இருந்து, பின்னாலிருந்து மார்பைச் சுற்றிப் பிடிப்பது அவருக்குச் சங்கடம் என்றால், அதை அவர் காரணம் சொல்லி விளக்க வேண்டிய நிலைக்கு விடாதீர்கள். இரு முனையிலும் இருவர் நிற்கும் முறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். பின்னால் ஒருவர்தான் நிற்க முடியும் என்றால், எங்கே, எப்படிப் பிடிப்பது என்பதை எடை ஏற்றும் முன்பே அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்காமல் விட்டால், தொடத் தயங்கும் அந்த அரை நொடியில்தான் விபத்து நடக்கும்.

## அறிகுறி: பாரை எடுத்ததுமே தள்ளாடுகிறார்

முதலில் ரேக்கில் பார் உட்காரும் கொக்கியின் உயரத்தைப் பாருங்கள். நுனிக்காலில் எம்பித்தான் பாரை எடுக்க முடிகிறது என்றால், தொடக்கத்திலேயே சமநிலை போய்விடும். ஒரு துளை இறக்கினால் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது காலணி. மெத்தென்ற ஓட்டக் காலணியில் குதிகால் அமுங்கி ஆடும். கடினமான தட்டை அடி கொண்ட காலணி, அல்லது ஜிம் அனுமதித்தால் வெறுங்கால்.

பிறகு பிளேட். இரு பக்கமும் ஒவ்வொரு பிளேட்டாக விரலால் தொட்டு எண்ணுங்கள். 15 கிலோவும் 20 கிலோவும் ஒரே கருப்பு நிறத்தில் இருக்கும் ஜிம்களில் மாற்றி மாட்டுவது சாதாரணம். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு பக்கம் இழுத்தால் பிளேட்டுகளையே சந்தேகிக்கலாம். உள்ளூரில் வார்த்த இரும்புப் பிளேட்டில் பொறித்த எண்ணும் உண்மை எடையும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய இரும்புக் கடையிலோ அரிசி மண்டியிலோ எடை மேடையில் வைத்து நிறுத்துப் பார்த்து, சுண்ணக்கட்டியால் உண்மை எடையைப் பிளேட்டின் பின்புறம் எழுதி, ஒத்த எடைகளை ஜோடி சேர்த்து வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், பின்னால் நகர நான்கைந்து அடி எடுத்து வைத்துக்கொண்டே ஆடுகிறார் என்றால் அந்த எடை அவருக்கு இன்றைக்கு அதிகம். "வெச்சிடுங்க" என்று ஒரே சொல்லில் சொல்லி, ரேக்குக்குத் திரும்ப உடன் நடங்கள். ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டுமே என்று விடுவது துணை நிற்பவரின் வேலை அன்று.

## அறிகுறி: எழும்போது பாதியில் நின்றுவிடுகிறது

அதிகம் வருவதும் அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். தொடை தரைக்கு இணையாக இருக்கும் நிலையைச் சற்றுத் தாண்டியதும் பார் மந்தமாகும். கனமான எடையில் எல்லாருக்கும் அந்த இடம் உண்டு. அங்கே நடப்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மெதுவாக, ஆனால் நகர்ந்துகொண்டிருக்கிறது. தொடாதீர்கள். போட்டியில் இந்த நேரத்தில் துணை நிற்பவர் பாரையோ ஆளையோ தொட்டால் அந்த முயற்சி செல்லாது; பயிற்சியிலும் அவர் உழைத்துச் சம்பாதித்ததை நீங்கள் பறித்தவராவீர்கள். நகர்கிறதா இல்லையா என்பதை அவர் முகத்தையோ முனகலையோ வைத்துத் தீர்மானிக்க முடியாது. பாரின் முனைக்கு நேர் எதிரே இருக்கும் ரேக் தூணைப் பாருங்கள். துளைகள் ஒவ்வொன்றாகப் பாருக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் அவர் எழுந்துகொண்டிருக்கிறார். முனகல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்கள் முன்கைகள் அவர் விலாவிலிருந்து ஒரு கையளவு தள்ளியே இருக்கட்டும்.

நின்றுவிட்டது. ஒரே துளைக்கு எதிரே பார் ஒரு மூச்சு நேரம் நின்றால், அல்லது அவர் "பிடி" என்றால், பிடியுங்கள். அவர் உட்காரும்போதே நீங்களும் உடன் உட்கார்ந்து எழுபவராக இருந்தால்தான் இது முடியும். நிமிர்ந்து நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தவர் குனிந்து பிடிக்கப் போனால் தன் இடுப்பை முறித்துக்கொள்வார். உங்கள் பாதங்கள் அவர் பாதங்களைவிடச் சற்று அகலமாக, அவருக்கு நெருக்கமாகப் பின்னால் இருக்க வேண்டும். இரு முன்கைகளையும் அவர் அக்குளுக்குக் கீழே நுழைத்து, மார்பின் முன்பக்கம் அணைத்து, உங்கள் கால்களால் நேர் மேலே எழும்புங்கள்.

எங்கே பிடிப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். பின்னாலிருந்து பாரைப் பிடித்து இழுத்தால், அது தோளிலிருந்து பெயர்ந்து கழுத்துப் பக்கம் உருளும், அல்லது அவரையே பின்னால் சாய்க்கும். இடுப்பைப் பிடித்துத் தூக்கினால் இடுப்பு மட்டும் மேலே போகும். மார்பு இன்னும் கவிழும். பாரம் முழுவதும் கீழ்முதுகில் இறங்கும். மார்பு நிமிர்ந்தால் பாரும் தானாக நிமிரும் என்பதால் பிடிக்க வேண்டிய இடம் மார்பு. பின்னால் நிற்பவர் பாரைப் பற்றி மறந்துவிடலாம், ஆளைத் தூக்குங்கள். பாரைத் தூக்குவது முனையில் நிற்பவர்களின் வேலை.

அதே நேரத்தில் "விடாதீங்க, தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். உதவி வந்துவிட்டது என்று தெரிந்ததும் சிலர் உடம்பைத் தளர்த்திவிடுவார்கள். மொத்தப் பாரமும் உங்கள் மீது வந்துவிடும். பார் நகரத் தொடங்கியதும் கையை எடுக்காதீர்கள். கொக்கியில் இரு பக்கமும் உட்காரும் சத்தம் கேட்கும் வரை உடன் செல்லுங்கள்.

கீழே இறங்குகிறது. சொல்லுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே மார்பைப் பிடியுங்கள். ஆனால் எடை பெரியதாக இருந்தால் மேலே தூக்க முயல வேண்டாம். மார்பு கவிழாமல் பிடித்து, அவரோடு சேர்ந்து இறங்கி, பாரைச் சேஃப்டி கம்பியின் மீது உட்கார வையுங்கள். நகர்கிற பாரத்துக்குச் சிறு உதவி போதும். விழுகிற பாரத்தை ஒருவர் கையால் நிறுத்த முடியாது. அதற்காகத்தான் கம்பியை முதலில் சரிபார்த்தோம்.

திரும்பத் திரும்ப அதே இடத்தில் நிற்கிறது என்றால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். செட்டுகளுக்கு (பாரை இறக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் ஒரு செட்) இடையே மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வு எடுத்தாரா? கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர் குடிக்காமல் பயிற்சி செய்கிறாரா? அன்றைய எடை சென்ற முறையைவிட ஒரேயடியாக 10 கிலோ கூடியதா? அப்படியென்றால் ஜிம்மில் 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கி வைப்பதுதான் மருந்து. இவை எதுவும் இல்லாமல் பல வாரங்களாக அவர் தூக்கும் எடை குறைந்துகொண்டே வருகிறது என்றால் பயிற்சித் திட்டத்தையே மாற்ற வேண்டும். அனுபவமுள்ள மாஸ்டர் ஒருவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுந்து முடித்தவரிடம் "நான் தொடவே இல்ல, எல்லாம் நீதான்" என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஜிம்களில் ஊறிப்போயிருக்கிறது. அன்பினால் சொல்வதுதான். ஆனால் அதை நம்பி அவர் அடுத்த வாரம் 5 கிலோ கூட்டுவார். அன்று பின்னால் நிற்பவர் வேறொருவராக இருப்பார். எந்த ரெப்பில் பிடித்தீர்கள், எவ்வளவு தூக்கினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

## அறிகுறி: இடுப்பு முதலில் எழுகிறது, மார்பு கவிழ்கிறது

கீழிருந்து எழும்போது பார் அசையாமல் இருக்க, இடுப்பு மட்டும் பின்னோக்கி மேலே போனால், அடுத்த கணத்தில் முதுகு தரைக்கு இணையாகும். பார் நிற்பதற்கு முன்பே இதைப் பிடித்தால் நல்லது. "மார்பு மேல" என்ற இரண்டே சொல் போதும். அதற்கும் நிமிரவில்லை என்றால் மார்பை அணைத்து நிமிர்த்துங்கள். இந்த அறிகுறியில் இடுப்பைத் தொடுவது ஆபத்து.

எளிய காரணம் பார் கழுத்துக்கு மிக அருகில் இருப்பதோ, உட்காரும் முன் வயிற்றில் காற்றை இறுக்கிப் பிடிக்காததோ ஆகும். அடுத்தது அதிக எடை. எடையைக் குறைத்தும் ஒவ்வொரு முறையும் இதே நடந்தால் கணுக்காலின் மடக்கத்தைச் சோதித்துப் பாருங்கள்: குதிகாலைத் தூக்காமல் வெறும் உடம்போடு முழுவதும் உட்கார முடியாதவருக்குப் பாரோடும் முடியாது. குதிகால் உயர்ந்த பளுதூக்கும் காலணி அவருக்கு உதவும்; விலை கொஞ்சம் கூடுதல்தான்.

## அறிகுறி: பார் ஒரு பக்கமாகச் சாய்கிறது

முதலில் கை வைத்த அகலம். பாரில் சொரசொரப்பு இல்லாத வளையக்கோடு இரு பக்கமும் இருக்கும். இரு கைகளின் சுண்டுவிரலும் அந்தக் கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பின்னால் நிற்பவர் பார்த்துச் சொல்லலாம். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். அடுத்தது பிளேட் எடை. அதற்கும் அடுத்தது வளைந்த பார்: தரையில் உருட்டினால் வளைந்த பார் குதித்துக் குதித்து உருளும். அதை நிமிர்த்திப் பயன்படுத்த முயல வேண்டாம். கனமான ஸ்குவாட்டுக்கு அது இனி உதவாது.

சாயும்போது என்ன செய்வது என்பது முனையில் நிற்பவர்களுக்கான பாடம். தாழ்ந்த பக்கத்தில் நிற்பவர் மட்டும் சட்டென்று தூக்குவது இயல்பாக வரும் தவறு. ஒரு முனை எழும்பி மறுமுனை அப்படியே இருந்தால், நடுவில் இருப்பவரின் முதுகெலும்பு பாரத்தோடு திருகும். ஆகவே மூவரில் பின்னால் நிற்பவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். அவர் "எடு" என்றதும் இரு முனையும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். யாரும் தன் விருப்பப்படி விடவும் கூடாது. முனையில் நிற்பவர்கள் இரு உள்ளங்கைகளையும் குவித்து, விரல்களைக் கோத்து, பிளேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாரின் நுனிக்குக் கீழே தொடாமல் வைத்து, அவரோடு இறங்கி ஏற வேண்டும். பாருக்கும் சேஃப்டி கம்பிக்கும் இடையே கை எக்காலத்திலும் போகக் கூடாது. விரல் அங்கே நசுங்கினால் மீளாது.

எடையைக் குறைத்தும், வேறு பாரில் மாற்றியும் ஒரே பக்கமாகவே சாய்கிறார், ஒரு கால் மட்டும் சீக்கிரம் தளர்கிறது என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

## அறிகுறி: பார் முதுகில் வழுக்கி இறங்குகிறது

எங்கள் ஊர் வெயிலுக்கு இது தை மாதம் தவிர மற்ற எல்லா மாதமும் வரும். முதுகு நனைந்து, வழவழப்பான பாலியெஸ்டர் பனியன் போட்டிருந்தால் பார் நிற்காது. பருத்திப் பனியனுக்கு மாறச் சொல்லுங்கள். செட்டுக்கு முன் முதுகையும் பாரின் நடுப்பகுதியையும் துண்டால் துடையுங்கள். பிறகு மேல்முதுகில் மெக்னீசியம் கார்பனேட் பொடி தடவுங்கள். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தடவுபவர்கள் இருக்கிறார்கள். அது வழுக்கலைக் கூட்டும். முதுகில் போடவே கூடாது.

செட்டின் நடுவே வழுக்கினால் பாரை மேலே தள்ளிக் கொடுக்க முயலாதீர்கள். நின்ற நிலையில் இருந்தால் ரேக்குக்குத் திரும்பச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் இருந்தால் கம்பியில் இறக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: முழங்கால்கள் உள்ளே மடிகின்றன

நடுவழியில் பின்னால் நிற்பவர் இதற்கு எதுவும் செய்ய முடியாது. காலைத் தொடக் கூடாது. சற்றே மடங்கித் திரும்பினால் செட் முடிந்ததும் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால், பார் நிற்கப் போகிறது என்பதற்கான முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு பிடிக்கத் தயாராகுங்கள். வலியோடு சேர்ந்து வந்தால் அன்றைய ஸ்குவாட் அத்துடன் முடிந்தது.

## அறிகுறி: கொக்கியில் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்தது

எழுந்து முடித்ததும் எல்லாரும் மூச்சு விடும் நேரம் இது. துணை நிற்பவரின் கவனம் தளர்வதும் இப்போதுதான். களைத்தவர் முன்னே சாய்ந்து ஒரு கொக்கியில் பாரை வைத்துவிட்டு, மறுபக்கமும் விழுந்துவிட்டதென்று உடம்பை எடுத்துவிடுவார். ஆகவே கொக்கியைப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. பாரை ரேக் தூணில் முட்டும் வரை முன்னே நடக்க வைத்து, இரு பக்கமும் பார்த்து, "ரெண்டும் உள்ள" என்று சொன்ன பிறகே அவர் குனிய வேண்டும்.

பிளேட்டைக் கழற்றும்போதும் ஒரு பக்கத்தை முழுவதும் காலி செய்யாதீர்கள். மறுபக்கத்து எடை பாரைக் கவிழ்த்து, காலியான முனையை எதிரே நிற்பவரின் முகத்துக்குத் தூக்கிவிடும். இங்கொன்று, அங்கொன்று என்று மாறி மாறிக் கழற்றுங்கள்.

## அறிகுறி: செட்டின் நடுவே மின்சாரம் போய்விட்டது

மாலை நேர ஜிம்களில் இதற்கும் பழகியிருக்க வேண்டும். இருட்டில் தூக்குபவருக்கு மேல்-கீழ் உணர்வு கலங்கும். உடனே இரு உள்ளங்கைகளையும் அவர் விலாவில் வைத்து, "நான் இருக்கேன், அப்படியே நில்லுங்க" என்று சொல்லுங்கள். கீழே இருந்தால் கம்பியில் இறக்கச் சொல்லுங்கள். மேலே இருந்தால் யாராவது கைப்பேசி விளக்கைக் கொக்கியின் மீது காட்டும் வரை நகர வேண்டாம். கண்ணில் அடிக்காமல் கொக்கியில் காட்டச் சொல்வது முக்கியம்.

## அறிகுறி: சத்தம், கூர்மையான வலி, மயக்கம்

இங்கே ஜிம்மில் சரிசெய்யக்கூடியது எதுவும் இல்லை. பாரைக் கம்பியில் இறக்குவது மட்டுமே உங்கள் வேலை. பிறகு பின்வருவனவற்றைப் பாருங்கள்.

கனமான ரெப்பில் மூச்சை இறுக்கிப் பிடித்து எழுந்தவர், ரேக்கில் வைத்ததும் கண் இருண்டு சரிவதுண்டு. பிடித்து, மல்லாக்கப் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் தெளிந்தால் அன்று ஓய்வு. மறுபடியும் வந்தால் மருத்துவர். நெஞ்சு வலியோடு வந்தாலும், தெளியாவிட்டாலும், திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலும் 108. மூச்சே இல்லையென்றால் 108 வரும் வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம், விடாமல் அழுத்த வேண்டும். 108 தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் ஒரே எண்தான். எல்லையோர ஊரிலிருந்து அழைப்பவர்கள் மாநிலத்தையும் ஊரையும் முதலில் சொல்லுங்கள்.

முழங்காலில் "டப்" என்று சத்தம் கேட்டு, அதன்பின் காலை நீட்டித் தூக்க முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவுவதோ, நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடுவதோ நாளைக் கடத்தும்; அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

பார் கழுத்தில் விழுந்திருந்தால் ஆளைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அவசர சிகிச்சைக்கு அன்றைக்கே போக வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று விடக் கூடாது. வேலூரில் இருப்பவர்களுக்குத் தண்டுவடக் காயத்தின் கனத்தை நான் விளக்கத் தேவையில்லை. 1954இல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் பணியாற்றியது இங்கேதான். அவர் முயற்சியில் 1966இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தில், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் அன்றாட வாழ்வை எவ்வளவு பாடுபட்டு மீட்கிறார்கள் என்பதை இந்த ஊர் அறியும்.

ஓரிரு நாள் கழித்துத் தொடைகள் வீங்கி, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அதற்கும் மருத்துவமனைதான்.

## அறிகுறி: ரேக் ஆடுகிறது, கம்பி வளைந்திருக்கிறது

ஆடினால் முதலில் போல்ட்டுகளை இறுக்குங்கள். தரை சமமில்லையென்றால் ரப்பர் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். சேஃப்டி கம்பியைக் கழற்றித் தரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்ததை நிமிர்த்தி மீண்டும் செருகுவதில் பயனில்லை. ஒருமுறை வளைந்தது அதே இடத்தில் மீண்டும் வளையும். உள்ளே குழாயாக இருந்தால் அதே தடிமனில் உருட்டு இரும்புக் கம்பியாக மாற்றச் சொல்லுங்கள். வெல்டிங் மூட்டில் முடிபோன்ற விரிசல், அல்லது பெயின்டுக்குக் கீழே துருக்கோடு தெரிந்தால் அந்த ரேக்கில் அன்று முதல் யாரும் தூக்கக் கூடாது. மேலே ஒரு பற்று வைத்துவிட்டுப் போகாமல், பழைய மூட்டைத் தேய்த்தெடுத்து மீண்டும் பற்ற வைக்கும் அனுபவமுள்ள வெல்டரைக் கூப்பிடுங்கள். கொக்கியிலேயே விரிசல் என்றால் புதிய கொக்கிதான்.

## அறிகுறி: பின்னால் நின்றவருக்கே முதுகு பிடித்துக்கொண்டது

பெரும்பாலும் காரணம், உடன் உட்காராமல் நின்ற இடத்திலிருந்து குனிந்து தூக்கியது. அடுத்தது, அவரிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றது. கை நீளும் அளவுக்குப் பாரம் உங்கள் இடுப்பில் கூடும். இரண்டையும் வெறும் பாருடன், ஆளை மாற்றி மாற்றி ஒத்திகை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்: தூக்குபவர் வேண்டுமென்றே பாதியில் நிற்க, பின்னால் நிற்பவர் மார்பைப் பிடித்து எழுப்ப வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்த ஒத்திகையை முதல் வாரத்திலேயே கொடுப்பது எங்கள் வழக்கம்.

ஏற்கெனவே முதுகில் பிடிப்பு உள்ளவர், அன்று தன் கனமான செட்டை முடித்துக் கால் நடுங்கிக்கொண்டிருப்பவர், உயரத்தில் மிகக் குறைந்தவர் ஆகியோர் பின்னால் நிற்க ஒத்துக்கொள்ளக் கூடாது. "இன்னைக்கு என்னால முடியாதுண்ணா, வேற ஆளக் கூப்பிடுங்க" என்பது மரியாதையான பதில். அதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. வேறு ஆள் கிடைக்கவில்லை என்றால் தூக்குபவர் எடையைக் குறைத்து, கம்பிகளை நம்பி மட்டும் செய்யட்டும்.